புன்னகை கற்பித்த படங்கள்

பிறந்த மண்ணைவிட்டுப் பிழைப்பின்பொருட்டு வேற்று மாநிலம் புகுந்த நம் போன்றார்க்கு, அம்மாநிலத்தின் முதல் தோற்றமாக அமைவது எது? அதன் மலையும் ஆறும் அல்ல. கோட்டையும் கோயிலும் அல்ல. ஏதேனும் ஒரு கவுண்டருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் முகமே அது. அம்முகம் மலர்ந்திருந்தால் ஊரே நம்மை வரவேற்பதுபோல் தோன்றும். கடுத்திருந்தால் அன்றிரவே ஊர் திரும்பிவிடலாமா என்று உள்ளம் ஏங்கும். நம் சங்கத்து அன்பர்கள் பலரும் இதனைத் தம் வாழ்விலேயே உணர்ந்திருப்பர்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் இந்நகரின் புகைவண்டி நிலையத்தில் வந்திறங்கியபோது எனக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. விசாரணைக் கவுண்டரில் இருந்த முதியவர் என் கையிலிருந்த முகவரித் தாளை வாங்கிப் பார்த்தார். அதன் பின்புறத்தில் பென்சிலால் ஒரு சிறு வழிப்படம் வரைந்து, ஏறவேண்டிய பஸ்ஸின் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. ஆயினும் அந்தத் தாளை இன்றுவரை வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வேறோர் அலுவலகத்திற்குச் செல்ல நேர்ந்தது. அங்கே சுவரில், வாடிக்கையாளரே நம் நிறுவனத்திற்கு வரும் மிகச் சிறந்த விருந்தினர் என்னும் பொருள்பட எழுதிய பலகையொன்று, காந்தியடிகளின் படத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழ் அமர்ந்திருந்தவரோ, தலையையும் நிமிர்த்தாமல், நாளை வருமாறு கையசைத்துவிட்டார்.

சில ஆண்டுகள் கழித்து நானும் ஒரு நிறுவனத்தில் கவுண்டர்ப் பணியில் அமர்ந்தேன். ஒருநாள் எங்களையெல்லாம் ஓர் இருட்டறையில் உட்காரவைத்து, வாடிக்கையாளரிடம் இன்முகத்தோடு பழகுவது எங்ஙனம் என்பதை விளக்கும் திரைப்படம் ஒன்றைக் காட்டினர். நல்ல படந்தான். மறுநாள் காலையில் எங்கள் மேலாளர், வரிசையில் நின்ற பொதுமக்கள் அனைவரும் கேட்க, இளைஞர் ஒருவரைக் கடிந்து பேசினார். எனக்கு அடுத்த இருக்கையிலிருந்த நண்பர் மெல்லச் சொன்னார்: “படத்தை நமக்குக் காட்டினார்கள், இவருக்கு யார் காட்டுவார்கள்?”

அக்கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. ஓய்வு பெற்றபின் இத்தகைய படங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். பெரிய கம்பெனிகள் தம் செலவில் படம் எடுத்து, அன்பையும் பணிவையும் இன்சொல்லையும் கற்பிக்க முயன்ற கதை அது. சுவையும் படிப்பினையும் உடைய அக்கதையை ஆண்டுமலரின் வாயிலாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வசைமொழிச் சிறுவர்கள்

இக்கதை திரைப்படம் பிறப்பதற்கு முன்பே, தொலைபேசியோடு தொடங்குகிறது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். 1878 ஜனவரியில் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் முதலாவது வணிகத் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. அந்நாளில் எண்ணைச் சுழற்றி ஒருவரை நேரே அழைக்கும் வசதி இல்லை. கருவியை எடுத்தால் நிலையத்திலுள்ள ஆபரேட்டர் பேசுவார். வேண்டியவர் பெயரைச் சொன்னால் அவர் கம்பியைச் செருகி இணைப்புத் தருவார். எனவே ஒவ்வோர் உரையாடலுக்கும் வாயிலில் ஒரு மனிதர் நின்றார் எனலாம்.

அவ்வாயிலில் முதற்கண் நிறுத்தப்பட்டவர்கள் பதின்பருவச் சிறுவர்கள். தந்தி அலுவலகங்களில் ஓடியாடி வேலை செய்யச் சிறுவர்களையே அமர்த்திய வழக்கம் இங்கும் தொடர்ந்தது. அவர்கள் சுறுசுறுப்பானவர்கள், ஆனால் பொறுமை இல்லாதவர்கள். ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்றனர். வேண்டுமென்றே இணைப்பை மாற்றிக் கொடுத்துச் சிரித்தனர். சந்தாதாரர் சினந்தால் வசைமொழியால் விடையிறுத்தனர். பணம் கட்டித் தொலைபேசி வைத்துக்கொண்ட வணிகர்களும் மருத்துவர்களும் இதனைப் பொறுப்பரோ? புதிய தொழில் முளையிலேயே கருகிவிடும் நிலை தோன்றியது.

1878 செப்டம்பர் 1ஆம் நாள் பாஸ்டன் நகரத் தொலைபேசி நிலையத்தில் எம்மா நட் என்னும் பெண்மணி பணியில் சேர்ந்தார். உலகின் முதல் பெண் ஆபரேட்டர் இவரே. அவருடைய சகோதரி ஸ்டெல்லாவும் அங்கேயே சேர்ந்தார். எம்மாவின் இனிய குரலும் பொறுமையும் சந்தாதாரர்களைக் கவர்ந்தன. சில ஆண்டுகளுக்குள் சிறுவர்கள் அகற்றப்பட்டு, நாடெங்கும் பெண்களே அவ்விடத்தில் அமர்ந்தனர். குரலின் இனிமை மட்டுமே இதற்குக் காரணம் என்றால் அது முழு உண்மை ஆகாது. பெண்களுக்குக் குறைந்த ஊதியம் கொடுத்தால் போதும் என்பதும் கம்பெனிகளின் கணக்கில் இருந்தது. இன்சொல் ஒரு விற்பனைப் பொருளாக மாறிய கதை இங்குத்தான் தொடங்குகிறது.

புன்னகையுள்ள குரல்

1907ஆம் ஆண்டில் தியோடர் வெய்ல் என்பார் பெல் தொலைபேசி அமைப்பின் தலைவரானார். நாட்டின் தொலைபேசிகளை ஒரே குடைக்கீழ்க் கொண்டுவருவது அவர் நோக்கம். போட்டியில்லாத தனிப்பெருங் கம்பெனியை மக்கள் ஐயத்தோடு நோக்குவர் என்பதை அவர் நன்குணர்ந்தார். ஆகவே 1908 முதல், பொருளை விற்பதற்காக அன்றி, மக்களின் நல்லெண்ணத்தைப் பெறுவதற்காகவே விளம்பரங்களை வெளியிடலாயினர். பிற்கால விளம்பரங்களில் ஆபரேட்டர்ப் பெண் ‘புன்னகையுள்ள குரல்’ எனப் போற்றப்பட்டாள். கம்பியின் வழியே முகம் தெரியாது. எனினும் சிரித்த முகத்தோடு பேசினால் குரலில் அது தெரியும் என்பது அவர்களின் கொள்கை. அது பொய்யும் அன்று. நீங்களே பேசிப் பார்க்கலாம்.

ஆனால் அக்குரலின் பின்னால் இருந்த அறையைச் சற்று எட்டிப் பார்ப்போம். பெண்கள் உயர்ந்த இருக்கைகளில் வரிசையாக அமர்ந்து, செவியில் கருவியை மாட்டிக்கொண்டு, இடைவிடாமல் கம்பிகளைச் செருகியும் பிடுங்கியும் வேலை செய்தனர். எந்தக் கேள்விக்கு எந்தச் சொற்களால் விடையளிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. சந்தாதாரர் ஏசினாலும் விதித்த சொற்களையன்றி வேறு சொல்லலாகாது. பின்னால் மேற்பார்வையாளர் நடந்துகொண்டே இருப்பார். பேச்சை இடையிட்டுக் கேட்டுக் குறிப்பெடுப்பதும் உண்டு.

1919 ஏப்ரல் மாதத்தில், நியூ இங்கிலாந்து எனப்படும் அமெரிக்க வடகிழக்குப் பகுதியில், ஏறத்தாழ 8,000 பெண் ஆபரேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தலைமை தாங்கிய ஜூலியா ஓ’கானர் தாமும் ஆபரேட்டராகப் பணியாற்றியவர். உலகப்போரை முன்னிட்டுத் தொலைபேசித் துறை அப்போது அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தது. ஊதிய உயர்வு கேட்டுப் பெண்கள் விடுத்த வேண்டுகோள்கள் கிடப்பில் போடப்பட்டன. வேலைநிறுத்தம் ஒருவாரம் நிறைவதற்குள் வெற்றியோடு முடிந்தது. வணிகமும் செய்தித்தாள்களும் மருத்துவமும் எவர் குரலைச் சார்ந்து நடந்தன என்பதை அக்குரல் ஒலிக்காத நாட்களில்தான் பலர் அறிந்தனர்.

திரையேறிய பாடம்

1923ஆம் ஆண்டில் 16 மில்லிமீட்டர்ப் படச்சுருள் வழக்கிற்கு வந்தது. திரையரங்கு இல்லாத இடத்திலும் படம் காட்டலாம் என்ற நிலை அதனால் ஏற்பட்டது. பள்ளிகள், சங்கங்கள், தொழிற்சாலை உணவகங்கள் ஆகிய எங்கும் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும். கம்பெனிகள் இவ்வாய்ப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டன. தம் செலவில் படம் எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கட்டணமின்றி அனுப்பிவைத்தன.

பெல் அமைப்பினர் 1927ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் ஆபரேட்டர் முறையிலிருந்து சுழலெண் முறைக்கு மாறியபோது, மக்களுக்கு அதைக் கற்பிக்க ஒரு சிறு ஊமைப்படத்தைத் திரையரங்குகளில் காட்டினர். எண்ணைப் புத்தகத்தில் பார், கருவியை எடு, ஒலி கேட்கும்வரை பொறு, பின்னர்ச் சுழற்று என்பவைதாம் அதன் பாடம். இங்கிலாந்தில் தபால் துறையின் திரைப்படப் பிரிவு 1936ஆம் ஆண்டில் ‘தொலைபேசித் தேவதை’ என்னும் பொருள்படும் பெயருடைய படத்தை வெளியிட்டது. இதனை இயக்கிய வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் பின்னாளில் புகழ்பெற்ற ஓவியர். ஆபரேட்டர்ப் பெண் தேவதையாகத் தோன்றி, தொலைபேசியை முறையாகப் பயன்படுத்தும் வழியை ஆடலும் பாடலுமாகச் சந்தாதாரர்களுக்கு எடுத்துரைக்கிறாள். 1949ஆம் ஆண்டளவில் பெல் அமைப்பு ‘டெலிசோனியா’ என்னும் கற்பனை நாட்டைப் பற்றிய பொம்மலாட்டப் படமொன்றைப் பள்ளிகளுக்கு வழங்கியது. புகழ்பெற்ற பொம்மலாட்டக் கலைஞர் பில் பேர்டு செய்த பொம்மைகள் அதில் நடித்தன. நாயைத் தொலைத்துவிட்ட ஒரு சிறுவன் அந்நாட்டிற்குச் சென்று, தொலைபேசியில் தெளிவாகவும் மரியாதையாகவும் பேசக் கற்றுக்கொள்கிறான்.

இம்மூன்று படங்களிலும் ஓர் ஒற்றுமையைக் காணலாம். பாடம் பணியாளருக்கு அன்று, பயன்படுத்தும் பொதுமக்களுக்கு. ஒரே கம்பியைப் பல வீட்டார் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் மருத்துவரை அழைக்க முடியாது. ஆதலால் பணியாளர் எவ்வளவு பண்போடு நடக்க வேண்டுமோ அவ்வளவு பண்போடு சந்தாதாரரும் நடக்க வேண்டும் என்பதைக் கம்பெனி வெளிப்படையாகவே சொல்லிற்று.

இக்காலத்தில் இத்தகைய படங்களைத் தொழிலாகவே செய்தவர்களுள் முதன்மையானவர் டெட்ராயிட் நகரத்து ஜாம் ஹேண்டி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தபோது, பேராசிரியர் ஒருவரின் வகுப்பைக் கேலி செய்து நாளிதழில் எழுதியதால் கல்வி தடைபட்டவர். 1904ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் நீச்சலிலும், இருபது ஆண்டுகளுக்குப் பின் 1924ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் நீர்ப்பந்தாட்டத்திலும் வெண்கலப் பதக்கம் பெற்றவர். செவர்லே மோட்டார்க் கம்பெனிக்காக அவருடைய நிறுவனம் எண்ணற்ற படங்களை எடுத்தது. அவற்றுள் ‘வேலைக்கு அமர்த்தினோம்’ என்று பொருள்படும் பெயருடைய ஒன்று 1940ஆம் ஆண்டை ஒட்டி வந்தது. புதிதாகச் சேர்ந்த விற்பனை இளைஞன் தட்டுத் தடுமாறித் தோல்வியுறுகிறான். மேலாளரோ, இக்காலத்து இளைஞர்கள் உதவாதவர்கள் என்று தம் முதிய தந்தையிடம் அலுத்துக்கொள்கிறார். தந்தை மகனையே திருப்பிக் கேட்கிறார்: அவர்களுக்கு நீ என்ன கற்றுக்கொடுத்தாய்? குற்றம் பணியாளனிடம் அன்று, அவனுக்குத் துணைநில்லாத மேலாளரிடமே என்பதைக் கம்பெனிப் பணத்தில் எடுத்த படமே ஒப்புக்கொள்வது வியப்பன்றோ! என் அலுவலக நண்பர் கேட்ட கேள்விக்கு, அவர் கேட்பதற்கு முன்பே ஒருவர் விடையளித்திருந்தார்.

செம்மூக்கு மான்

கம்பெனிகளின் அன்பில் உண்மை எவ்வளவு, வணிகம் எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று என்பதற்குச் சிகாகோ நகரத்து மாண்ட்கோமரி வார்டு நிறுவனத்தின் கதை ஒரு சான்று. அஞ்சல் வழியே பொருள் விற்கும் தொழிலை 1872ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் அது. பொருள் பிடிக்காவிடில் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று 1875ஆம் ஆண்டிலேயே உறுதி கூறி வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைப் பெற்றது.

1939ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் காலத்தில் கடைக்கு வரும் குழந்தைகளுக்கு இலவசமாக வழங்க ஒரு கதைப் புத்தகம் எழுதுமாறு விளம்பரப் பிரிவில் பணியாற்றிய ராபர்ட் மே என்பாரிடம் கூறினர். அவர் மனைவி அப்போது புற்றுநோயால் படுக்கையில் இருந்தார். மருத்துவச் செலவால் கடன் சுமை வேறு. அவ்வாண்டுக் கோடையில் மனைவி மறைந்தார். வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம் என்று மேலதிகாரி கூறியும், மே இசையாமல் தாமே எழுதி முடித்தார். சிவந்த மூக்குடைய ருடால்ப் என்னும் பனிநாட்டு மானைப் பற்றிய கதை அது. மற்ற மான்கள் அதன் மூக்கைக் கண்டு எள்ளி நகையாடுகின்றன. மூடுபனி சூழ்ந்த இரவில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டிக்கு ஒளி தேவைப்படுகிறது. ருடால்பின் மூக்கு வழிகாட்டுகிறது. அந்த ஓராண்டிலேயே 24 லட்சம் பிரதிகள் வழங்கப்பட்டன. 1948ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் செலவில், ஜாம் ஹேண்டி நிறுவனத்தார் இதனைக் கார்ட்டூன் படமாக எடுத்தனர். இயக்கியவர் பெட்டி பூப் என்னும் கார்ட்டூன் பாத்திரத்தால் புகழ்பெற்ற மாக்ஸ் பிளெய்ஷர். மாற்றுருவம் உடையாரை இகழாதே என்னும் அன்புப் பாடம், ஒரு கடையின் விளம்பரமாக உலகெங்கும் சென்றது.

இனி அந்நிறுவனத்தின் தலைவர் சூவல் ஏவரியைப் பாருங்கள். 1944 ஏப்ரலில், தொழிற்சங்கத்தோடு உடன்பாடு செய்துகொள்ள மறுத்து, அரசாங்க ஆணையையும் ஏற்காமல் அவர் தம் நாற்காலியில் அமர்ந்திருந்தார். படைவீரர் இருவர் அவரை இருக்கை நிலையிலேயே தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டனர். அப்புகைப்படம் நாடெங்கும் செய்தித்தாள்களில் வெளிவந்தது. சங்கத்திற்கு ஓர் அணுவும் விட்டுக்கொடாத இதே மனிதர், ருடால்ப் கதையின் பதிப்புரிமை முழுவதையும் 1947ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ராபர்ட் மேயிடமே ஒப்படைத்தார். சட்டப்படி அது கம்பெனியின் சொத்து. கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மேயின் கடன் தீர்ந்தது, குடும்பம் தழைத்தது.

இவரை நல்லவர் என்பதா, கொடியவர் என்பதா? ஒரு தனி மனிதரின் துயரைக் கண்டு இரங்குவது அவருக்கு எளிதாயிருந்தது. பல்லாயிரவர் உரிமையாகக் கேட்டதைக் கொடுப்பது அரிதாயிருந்தது. ருடால்பின் கதையிலும் இவ்வுண்மை ஒளிந்துள்ளது. அந்த மானை மற்ற மான்கள் மதித்தது அதன் மூக்கு பயன்பட்ட பிறகுதான். பனி மூடாதிருந்தால்? குழந்தைகளுக்கு இக்கதையைச் சொல்லும் பெற்றோர் இக்கேள்வியையும் சேர்த்துச் சொல்வது நலம்.

நகைப்பும் நோவும்

1960களிலிருந்து பாடத்தின் போக்கு மாறியது. பெல் அமைப்பினர் 1960களில் எடுத்த ‘கண்காணாத் தூதர்கள்’ எனப் பொருள்படும் படம், அலுவலகங்களின் தொலைபேசிப் பலகையில் அமர்ந்திருக்கும் பெண்களுக்கு உரியது. தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஆட்ரி மெடோஸ் அதில் நடித்தார். கம்பெனியின் நற்பெயர் அப்பெண்களின் குரலில்தான் இருக்கிறது என்று அது எடுத்துரைத்தது.

1972ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆண்டனி ஜே என்னும் தொலைக்காட்சி எழுத்தாளரும், ஜான் கிளீஸ் என்னும் நகைச்சுவை நடிகரும் நண்பர் சிலரும் சேர்ந்து ‘வீடியோ ஆர்ட்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். பணியாளர்களுக்கான பயிற்சிப் படங்கள் எடுப்பதே அதன் தொழில். முன்னோர் நல்லதைக் காட்டி ‘இவ்வாறு செய்க’ என்றனர். இவர்களோ கெட்டதைக் காட்டிச் சிரிக்கவைத்தனர். பழுதுபார்க்க வந்தவர் வீட்டுக்காரரிடமே ‘இந்தக் குப்பையை உங்களிடம் யார் விற்றார்?’ என்று கேட்டுத் தம் கம்பெனியின் மானத்தையே வாங்கும் காட்சியைக் கண்டு சிரிக்காதார் இல்லை. சிரித்தவர் தம்மையே அதில் கண்டுகொண்டார். அறவுரையைவிட நகைப்பு ஆழமாகப் பதியும் என்பதை அப்படங்கள் மெய்ப்பித்தன.

ஆயினும் சிரித்த முகத்திற்கு ஒரு விலை உண்டு. 1983ஆம் ஆண்டில் ஆர்லி ஹாக்‌ஷீல்டு என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், விமானப் பணிப்பெண்களின் வாழ்வை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். டெல்டா விமானக் கம்பெனியின் பயிற்சியில், விமானத்தின் உட்புறத்தைத் தம் வீட்டுக் கூடமாகவும் பயணியைத் தம் வீட்டு விருந்தினராகவும் எண்ணிக்கொள்ளுமாறு அவர்களுக்குக் கற்பித்தனர். உடலால் உழைப்பதுபோல, உணர்ச்சியாலும் ஒருவர் ஊதியத்திற்கு உழைக்கிறார். அவ்வுழைப்புக்கும் களைப்பு உண்டு என்பது அவர் முடிவு. அவர் நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். ‘ஏன் சிரிக்கவில்லை?’ என்று ஒரு பயணி பணிப்பெண்ணைக் கேட்கிறார். ‘முதலில் நீங்கள் சிரியுங்கள்’ என்கிறாள் அவள். அவரும் சிரிக்கிறார். ‘நன்று; இனி அப்படியே பதினைந்து மணி நேரம் இருங்கள்’ என்று சொல்லி அவள் நகர்ந்துவிடுகிறாள்.

வீட்டுக்கு வரும் விருந்தினர் சில நாளில் விடைபெறுவார். அவரும் நம்மை மதிப்பார். நாளை நாம் அவர் வீட்டிற்குச் செல்வோம். கவுண்டரின் முன் வருவோர்க்கு முடிவே இல்லை. அவர் நம்மை மதிக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. இவ்வேறுபாட்டை மறந்து ‘விருந்தினர்’ என்னும் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டதில்தான் பிழை நேர்ந்தது.

காந்தியடிகளின் பெயரால்

நம் நாட்டிலும் கம்பெனிப் படங்கள் எடுக்கப்பட்டன. 1950களில் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனி, கனடா நாட்டு ஜேம்ஸ் பெவரிட்ஜ் என்பாரின் தலைமையில் ஒரு படப்பிரிவையே நடத்தி, இந்தியக் கிராமங்களையும் கைத்தொழில்களையும் படம்பிடித்தது. வங்கிகளில் பொதுமக்களுக்குக் கிடைக்கும் சேவையைச் சீர்படுத்த ஆர். கே. தல்வார் தலைமையில் 1970களிலும், கோய்போரியா தலைமையில் 1990களின் தொடக்கத்திலும் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஆயினும் படத்தையும் குழுவையும்விட மிகுதியாகப் பரவியது, நான் முன்னர்க் கூறிய அந்தப் பலகைதான்.

அதிலுள்ள வாசகம் காந்தியடிகள் 1890ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஆற்றிய சொற்பொழிவில் கூறியது என்று பல இடங்களில் குறித்திருப்பர். 1890ஆம் ஆண்டில் காந்தியடிகள் இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த மாணவர். அவர் தென்னாப்பிரிக்காவில் கால்வைத்தது 1893ஆம் ஆண்டில்தான். அவ்வாசகத்தை ஒத்த சொற்கள் 1941ஆம் ஆண்டில் அமெரிக்க விளம்பரத் துறை இதழொன்றில், ஸ்டூட்பேக்கர் மோட்டார்க் கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவர் கூற்றாக வெளிவந்துள்ளன. ஜாம் ஹேண்டியின் படங்கள் ஓடிக்கொண்டிருந்த காலமும் அதுவே. மோட்டார் விற்பனை உலகமும் அதுவே. அங்கே பிறந்த சொல் கடல் கடந்து வந்து, நம் நாட்டில் மகாத்மாவின் பெயரைப் பூண்டுகொண்டது.

இதில் ஓர் உருக்கமான முரண்பாடு உண்டு. தென்னாப்பிரிக்காவில் கால்வைத்த அதே 1893ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் இரவு, முதல் வகுப்புப் பயணச்சீட்டுக் கையில் இருந்தும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் வண்டியிலிருந்து வெளியே தள்ளப்பட்டவர் காந்தியடிகள். வணிகக் கணக்கில் பார்த்தால் அவர் முழுக் கட்டணம் செலுத்திய வாடிக்கையாளர். ஆனால் அங்கே அவர் மனிதராக மதிக்கப்படவில்லை. எனவே வாடிக்கையாளராகவும் மதிக்கப்படவில்லை. இந்தியா திரும்பியபின் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, 1917ஆம் ஆண்டில் அவ்வகுப்புப் பயணிகளின் அவலத்தைக் குறித்து எழுதினார். இரயில்வேயாரின் அலட்சியத்தைக் கண்டித்த அவர், பெட்டியை அசுத்தம் செய்யும் பயணிகளின் வழக்கத்தையும் கண்டிக்கத் தவறவில்லை. கவுண்டரின் ஒருபுறத்துக்கு மட்டும் அறவுரை கூறியவர் அல்லர் அவர்.

கவுண்டரின் இருபுறமும்

இப்படங்களுள் பல, காட்டி முடிந்தபின் குப்பையில் எறியப்பட்டன. ரிக் பிரெலிங்கர் என்னும் அமெரிக்கர் 1980களிலிருந்து அவற்றைத் தேடித் திரட்டினார். அவருடைய தொகுப்பை 2002ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பெற்றுக்கொண்டது. விளம்பரத்திற்காகப் பிறந்தவை இன்று வரலாற்றுச் சான்றுகளாகிவிட்டன.

அவற்றிலிருந்து நான் உணர்ந்தது இதுவே. இன்முகம் கற்பிக்கக் கூடியதே. வசைபாடிய சிறுவர்களின் காலம் போய், பொறுமையோடு விடையளிக்கும் வழக்கம் வந்தது ஒரு முன்னேற்றமே, அதை எள்ளுவதற்கில்லை. ஆனால் முகத்தைக் கற்பித்தவர்கள் அகத்தை மறந்தனர். எட்டு மணி நேரம் நிற்பவரின் கால் வலியையும், ஊதியக் குறைவையும், மேலதிகாரியின் கடுஞ்சொல்லையும் ஒரு படத்தால் மாற்ற இயலாது. பணியாளரை மதிக்கும் நிறுவனத்தில் புன்னகை தானே வரும். மதிக்காத நிறுவனத்தில் அது சுவர்ப் பலகையாகவே நின்றுவிடும். திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தை அடுத்து இனியவை கூறலை வைத்து, இன்சொல் என்பது மலர்ந்த முகத்தோடு அகத்திலிருந்தும் வரவேண்டும் என்று இரண்டையும் இணைத்தே கூறினார். அவ்விரண்டையும் பிரித்ததுதான் இந்நூற்றாண்டுக் கதையின் குறை.

நம் காலனியில் உள்ளவர்களுள் பலர் வங்கியிலும் தபால் நிலையத்திலும் இரயில்வேயிலும் மருத்துவமனையிலும் கவுண்டருக்குப் பின்னால் அமர்ந்து பணியாற்றுபவர்கள். அவர்களே மாலையில் கடையிலும் வேறோர் அலுவலகத்திலும் கவுண்டருக்கு முன்னால் நிற்பவர்கள். இருபுறத்து நோவும் நமக்குத் தெரியும். இன்று நம் வீட்டுக்குப் பொருள் கொண்டுவந்து தரும் இளைஞர்க்கும், வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளிக்கும் நாம் வாடிக்கையாளர்கள். அவர்களுடைய புன்னகைக்கு மதிப்பெண் இடும் உரிமையும் கைப்பேசியில் நமக்குத் தரப்பட்டிருக்கிறது. மதிப்பெண் இடுமுன் ஒரு குவளைத் தண்ணீர் வேண்டுமா என்று நாம் கேட்டதுண்டா? நம் குழந்தைகள் பார்த்துக் கற்கும் படம் அதுதான்.

அந்தப் புகைவண்டி நிலைய முதியவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கு எவரும் பயிற்சிப் படம் காட்டியிருப்பார் என்று தோன்றவில்லை. மொழி தெரியாத ஒருவன் வழி தெரியாமல் நின்றான். அவர் பென்சிலை எடுத்தார். மொழி தெரியாமல் இந்நகருக்கு நாளை வந்திறங்கும் மற்றொருவர்க்கு நம்முள் ஒருவர் அவ்வாறு பென்சிலை எடுப்பாராயின், நான் அவர்க்குப் பட்ட கடன் தீர்ந்ததாகக் கொள்வேன்.